காளாஞ்சி வரிசையில் குறுஞ்செய்தி

நெடுந்தீவுக் கல்வேலிப் பிள்ளையார் கோயிலில் பூசை முடிந்தபின் காளாஞ்சித் தட்டு எந்த ஒழுங்கில் யாரிடம் போகவேண்டும் என்பது நீதிமன்றம் ஏறித் தீர்ந்த விசயம். வெற்றிலை, பாக்கு, தேங்காய்ப் பாதி, ஒரு கதலிப்பழம். சந்தையில் கிடந்தால் ஒருவரும் திரும்பிப் பார்க்காத சாமான்கள்தான். ஆனால் அதே தட்டு குருக்களின் கையிலிருந்து முதலாவதாக ஒருவரின் கைக்கு வரும்போது, சுற்றி நிற்கும் அத்தனை பேரும் அவருக்குப் பின்னால் நிற்பவர்கள் ஆகிவிடுகிறார்கள். அந்தச் சுகத்துக்காக மனிதர் என்னவும் செய்வார்கள். கோயில் சபைத் தலைவர் முருகேசு என்னவும் செய்துதான் அந்த இடத்துக்கு வந்தவர்.

முருகேசு கல்விக் கந்தோரில் பிரதம இலிகிதராக இருந்து இளைப்பாறியவர். தன்னுடைய கையெழுத்து இல்லாமல் பிள்ளைகள் இருக்கும் ஒரு வாங்குகூட ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து இன்னொரு பள்ளிக்கூடத்துக்கு நகர்ந்ததில்லை என்பது அவர் சொல்லும் கதை. நகர்ந்த வாங்குகளைப் பற்றி அவர் கதைப்பதில்லை.

அவருக்கு அந்த வருசம் ஒரேயொரு கவலை. கொடியேற்றத்தன்று பின்னேரம் பொதுக்கூட்டம். அதில் புதிய சபை தெரிவு. செயலாளர் சசிகரன், இறங்குதுறையடியில் இரும்புக்கடை வைத்திருப்பவர், தலைவர் கதிரையில் கண் வைத்திருக்கிறார் என்று ஊர் முழுக்கக் கதை. கதிரை போனால் போகட்டும், கதிரை வீட்டிலும் இருக்கிறது. தேரன்று முதற் காளாஞ்சி சசிகரனுடைய கைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டி வந்தால்? அதை நினைத்தாலே முருகேசுவுக்குப் புட்டு இறங்காது.

இந்த நேரத்தில்தான் சேர்வர் வந்தது.

கனடாவிலிருந்து கோயிலின் ரொறன்ரோக் கிளை அனுப்பிய பெட்டி அது. திருவிழாவை அங்கே உள்ளவர்கள் நேரடியாகப் பார்க்கவும், அருச்சனைக்கு இருந்த இடத்திலிருந்தே பெயர் கொடுக்கவும் கோயிலுக்கு ஓர் இணையத்தளம். அந்தத் தளம் குடியிருக்க இந்தச் சேர்வர். சேர்வர் என்றால் என்ன என்பதில் சபைக்கு அவ்வளவு தெளிவில்லை. கறுப்பு நிறம், குளிர் வேண்டும், கும்பிடத் தேவையில்லை என்ற அளவுக்கு விளங்கியது. வாகனசாலையில் எலிக்கும் குதிரைக்கும் நடுவே அதை வைத்துக் குளிரூட்டியும் பூட்டினார்கள். காலங்காலமாகப் புழுக்கத்தில் நின்ற மரக்குதிரைக்கு அன்றைக்குத்தான் நல்ல காலம் பிறந்தது.

அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு தர்சனாவுக்கு. ஊர்ப் பிள்ளை, கொழும்புக் கொம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கொம்பியூட்டர் வேலை செய்பவள். அவள் சபைக் கூட்டத்துக்கு வந்து நின்றபடியே விளங்கப்படுத்தினாள்.

"ஆரும் கள்ளத் திறப்புப் போட்டுத் திறக்கப் பார்த்தால் சேர்வர் அதைத் தன்ரை பதிவில எழுதி வைக்கும். அந்தப் பதிவை ஒரு புரோகிராம் விடாமல் வாசிச்சுக்கொண்டிருக்கும். சந்தேகமெண்டால் உடன போனுக்கு ஒரு மெசேஜ். அது முதலாவது ஆளுக்குப் போகும். அவர் என்னெண்டு பார்த்துப்போட்டு 1 எண்டு பதில் போட்டால் அதோட நிண்டிடும். போடாட்டில், கொஞ்ச நேரத்தில அடுத்த ஆளுக்குப் போகும். அவரும் பேசாமல் இருந்தால் அதுக்கடுத்த ஆள்."

இவ்வளவு நீளப் பேச்சில் சபையின் காதில் ஏறியது இரண்டே இரண்டு சொல்.

"முதலாவது ஆள் ஆர்?" என்று கேட்டார் சசிகரன்.

"என்ரை நம்பரைத்தான் போட்டிருக்கிறன்."

பொருளாளர் தொண்டையைச் செருமினார். மடைப்பள்ளிக்குப் பொறுப்பானவர் கூரையைப் பார்த்தார். முருகேசு சால்வையை ஒருதரம் எடுத்து உதறி மறுபடி போட்டார். கந்தோரில் அவர் அப்படி உதறினால் யாருக்கோ இடமாற்றம் என்று அர்த்தம்.

"பிள்ளை," என்றார் மெதுவாக, "கோயிலிலை ஒரு வரிசை இருக்கு. அது உமக்கும் தெரியும், எனக்கும் தெரியும், பிள்ளையாருக்கும் தெரியும். கொம்பியூட்டருக்கு மட்டும் தெரியாமல் இருக்கக்கூடாது."

"மாமா, இது மரியாதைக்கு அனுப்புறேல்லை. ஆர் ஓடிப்போய்ப் பார்ப்பினமோ அவைக்கு…"

"தலைவர் ஓடமாட்டார் எண்டு ஆர் சொன்னது?"

அதற்கு மேல் தர்சனாவுக்கு இடமில்லை. காளாஞ்சி வரிசையே மெசேஜ் வரிசையும் என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று: தலைவர், செயலாளர், பொருளாளர், பிறகு பழைய உபயகாரக் குடும்பங்கள், மடைப்பள்ளி. எல்லாருக்கும் கீழே, ஒலிபெருக்கிக்காரருக்கு அடுத்ததாக, தர்சனா.

"அப்ப இன்னொண்டு மாமா. உலகத்தில திரியிற கள்ளப் புரோகிராம் எல்லாம் நாள் முழுக்கக் கதவைத் தட்டிப் பார்க்கும். அது வழமை. சின்னதுகளை விட்டுப்போட்டுப் பெரிசை மட்டும் அனுப்பச் சொல்லட்டோ?"

"சின்னது பெரிசு பிரிக்கிறது ஆர்? மெசினோ? எல்லாத்தையும் அனுப்பும். நான் பிரிக்கிறன்."

முதல் மெசேஜ் வந்தபோது முருகேசு இறங்குதுறைத் தேத்தண்ணிக் கடையில் இருந்தார். அது நல்ல இடம். குறிகட்டுவானுக்குப் போகும் படகுக்காகப் பாதித் தீவு அங்கே நிற்கும். அவர் போனைக் கண்ணுக்கு எட்டத்தில் பிடித்து, எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"எச்சரிக்கை. கல்வேலிப் பிள்ளையார் சேர்வர். உள்நுழையும் முயற்சி தோல்வி. இடம்: ருமேனியா."

"ருமேனியாவோ!" என்றது கடை.

"ஓம். இன்னும் ஒருத்தருக்கும் தெரியாது. முதல் எனக்குத்தான் வரும்."

பதில் போட அவர் விரல் 1-ஐத் தேடிய விதம், யாரோ அமைச்சர் அடிக்கல் நாட்டும் விதமாய் இருந்தது. அவர் எழும்பமுன்னமே பிரேசில் வந்தது. பிறகு வியட்நாம். சனம் வாய் பிளந்து நின்றது. உலகமே எங்கள் பிள்ளையாரைத் தேடி வருகிறது என்று படகில் போன ஒரு மனிசி அக்கரை வரைக்கும் சொல்லிக்கொண்டு போனாராம். தர்சனா அதைக் கேட்டுவிட்டு, "தேடுறது பிள்ளையாரையில்லை, பூட்டை" என்றாள். அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

முதல் வாரம் முழுக்க முருகேசு பூரிப்பில் திரிந்தார். "ஒரு இலை அசைஞ்சாலும் முதல் அறியிறவன் நான்" என்று கல்யாண வீட்டில் சொன்னார், காணிப் பிணக்கில் சொன்னார், மாடு தேடிவந்தவனிடமும் சொன்னார். தீவில் மாடு காணாமல் போவதும் சேர்வருக்குத் தெரியுமாக்கும் என்று அந்த மனிதன் அவரோடு கொஞ்சத் தூரம் கூடவே நடந்தான்.

பிறகுதான் உலகம் எவ்வளவு பெரியது என்று அவருக்கு விளங்கத் தொடங்கியது.

மெசேஜ் நின்றால்தானே. முகம் வழிக்க இருந்தால் ஒரு கன்னம் வழித்தபடியே 1. கிணற்றடியில் சவுக்காரத்தோடு 1. செத்த வீட்டில் சுண்ணம் இடிக்கிற நேரத்தில் மடிக்குள் போன் கீச்சிட்டது. அவர் துக்கம் தாங்காதவர்போல முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டு உள்ளுக்கு 1 போட்டார். படுக்கையில் ஒரு பக்கம் சரிந்தால் உக்ரேன், மறுபக்கம் சரிந்தால் இந்தோனேசியா.

மனைவி இராசேஸ்வரி குசினி வாசலில் நின்று சிரித்தார்.

"இஞ்சருங்கோ, உங்களைக் கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில நான் கூப்பிட்டு ஒருநாளாவது இப்பிடி உடன பதில் சொன்னனீங்களோ?"

"நீர் சும்மா இரும். இது பொறுப்பு."

"பொறுப்பெண்டால் அந்தப் பிள்ளையிட்டைக் குடுங்கோவன். நித்திரை இல்லாமல் கண் இரண்டும் கொவ்வைப்பழமாக் கிடக்கு."

"குடுக்கலாம். குடுத்தால் அடுத்த நாளே சசிகரன் வந்து நிப்பான், 'அண்ணைக்கு ஏலாதாம், நான் முதலாவதா நிக்கிறன்' எண்டு. இதை விட்டால் அதுவும் போகும்."

"எது?"

"காளாஞ்சி!"

"அந்த ஒரு வாழைப்பழத்துக்கோ?"

பெண்களுக்கு ஆட்சி விசயம் விளங்காது என்று முருகேசு எண்ணினார். அப்படி எண்ணி முடிக்கமுன்னம் ஈக்குவடோர் வந்தது.

சசிகரனும் சும்மா இருக்கவில்லை. வழியில் கண்டால் கிட்ட வந்து தோளைத் தொட்டு, "அண்ணை, நல்லா மெலிஞ்சு போனியள். பாரமெண்டால் சொல்லுங்கோ, நான் ஏத்துக்கொள்ளுறன்" என்பார். அந்த அனுதாபம் முருகேசுவுக்கு மெசேஜை விட வலித்தது.

மனிதன் எதற்கும் பழகிவிடுவான். முருகேசுவின் கட்டைவிரலும் பழகியது. வாசிப்பதை அவர் விட்டுவிட்டார். போன் அதிர்ந்தால் விரல் தானாகப் போய் 1 போடும். கண்ணுக்கும் புத்திக்கும் அதில் வேலையில்லை. கந்தோரிலும் அவர் கடைசிக் காலத்தில் இப்படித்தான் கையெழுத்து வைத்தவர். ஆனபடியால் இந்த முன்னேற்றம் அவருக்குப் புதிதாகப் படவில்லை.

கொடியேற்ற நாள் வந்தது. கோடைக் காற்று கல்வேலிகளுக்கு மேலால் புழுதியை அள்ளிக்கொண்டிருந்தது. தியாகேசக் குருக்கள் கொடிமரத்தடியில் மந்திரம் சொல்ல, தவிலும் நாதஸ்வரமும் உச்சத்துக்கு ஏற, சனம் "அரோகரா" என்று கத்தக் கொடி மேலே போனது. கமரா எல்லாவற்றையும் ரொறன்ரோவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. முருகேசு பட்டுவேட்டியோடு முன்வரிசையில் கண்மூடிக் கைகூப்பி நின்றார். மடிக்குள் போன் அதிர்ந்தது. கூப்பிய கை ஒன்று மட்டும் இறங்கியது. விரல் 1 போட்டது. கை மறுபடி ஏறிக் கூப்பியது. கண் திறக்கவேயில்லை. பார்த்தவர்கள் பக்தி என்று நினைத்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் அதே போன் மணியடித்தது. ரொறன்ரோக் கிளைத் தலைவர் றஜீபன். முருகேசு ஒதுங்கிப்போய் எடுத்தார்.

"அங்கிள்! உங்கை என்ன நடக்குது?"

"கொடி ஏறிட்டுது தம்பி. தெரியுதோ?"

"கொடியோ? கொடியில்லை அங்கிள், தொப்பை!"

"என்ன தொப்பை?"

"கோயில் தளத்தில பிள்ளையார் படம் இருந்த இடத்தில ஒரு வெள்ளைக்காரன் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறான். 'ஒரே மாதத்தில் தொப்பை மறையும்' எண்டு குளிசை விளம்பரம்! இஞ்சை மண்டபத்தில பெரிய திரை கட்டி முந்நூறு சனம் கைகூப்பிக்கொண்டிருக்குது. பிள்ளையார் கோயிலிலை அங்கிள், தொப்பை குறைக்கிற குளிசை!"

முருகேசு தர்சனாவைக் கூட்டிவர ஆள் தேடினார்.

தர்சனாவுக்கு ஆள் போக வேண்டியிருக்கவில்லை. ரொறன்ரோவில் இருந்த அவளுடைய மச்சாள் ஏற்கெனவே படம் அனுப்பியிருந்தாள். கட்டியிருந்த சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாகனசாலைக்குள் ஓடினாள். இணையக் கம்பியைக் கழற்றினாள், கடவுச்சொற்களை மாற்றினாள், நேற்று எடுத்துவைத்த பிரதியைத் திருப்பிப் போட்டாள். சுவாமி உள்வீதி சுற்றி வருவதற்குள் வெள்ளைக்காரனின் தொப்பை மறைந்து பிள்ளையாரின் தொப்பை திரும்பி வந்தது.

அவள் வியர்த்துக்கொண்டு வெளியே வந்தாள். குரலில் குற்றமில்லை, வேலை செய்பவர்கள் கேட்கிற கேள்விதான்.

"மாமா, ஆரோ உள்ளை வந்திட்டினம் எண்டு உங்களுக்கு மெசேஜ் வந்ததோ? 1 போட்டனீங்களோ? நீங்கள் போட்டால் வேற ஒருத்தருக்கும் போகாது, அதுதான்."

"பிறகு கதைப்பம் பிள்ளை," என்றார் முருகேசு. சொன்ன குரல் அவருக்கே யாருடையதோ போலிருந்தது.

பின்னேரப் பொதுக்கூட்டத்துக்கு அன்னதான மண்டபம் நிரம்பி வழிந்தது. பதவிக்காக வந்தவர்கள் சிலர். தொப்பைக் கதையைக் கேட்க வந்தவர்கள் மற்ற எல்லாரும். சசிகரன் புதுச் சால்வையோடு எழும்பினார். அவர் ஏசவில்லை. புகழ்ந்தார்.

"எங்கடை தலைவரைப் போல ஒரு தலைவர் கிடைக்கிறது கஷ்டம். ஒரு இலை அசைஞ்சாலும் முதல் அறியிறவர் அவர். இதை நான் சொல்லேல்லை, அவரே தேத்தண்ணிக் கடையில எத்தனையோ தரம் சொன்னவர். அப்ப இண்டைக்குக் காலமை நடந்ததையும் அவர்தான் முதல் அறிஞ்சிருப்பார், என்ன? எனக்கு அதுதான் விளங்கேல்லை. அறிஞ்சவர் ஏன் பேசாமல் நிண்டவர்? இல்லை அறியேல்லையெண்டால், அந்த முதலாவது இடத்தில அவர் என்னத்துக்கு நிக்கிறார்? அண்ணையே சொல்லட்டும்."

சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார். மண்டபம் முருகேசுவைப் பார்த்தது.

முருகேசு எழும்பினார். அறிந்தேன் என்றால் கோயிலைக் கள்ளனுக்குக் காட்டிக்கொடுத்தவர். அறியேன் என்றால் முதலாமவர் அல்ல. கந்தோரில் இப்படி வந்தால் "பரிசீலனையில் உள்ளது" என்று எழுதிவிடலாம். இங்கே இருநூறு பேர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சால்வையை உதறினார். ஒன்றும் நடக்கவில்லை. யாருக்கும் இடமாற்றம் வரவில்லை.

அந்த நேரம் வாசலில் தியாகேசக் குருக்கள் வந்து நின்றார். காலையிலிருந்து வாயில் தண்ணீர் படாத மனிதர்; பொறுமை தீர்ந்திருந்தது.

"உங்கடை சண்டையை எப்ப முடிக்கப் போறியள்? சாயரட்சைக்கு நேரமாச்சு. முதல் பிள்ளையாருக்குச் செய்யவேண்டியதைச் செய்ய விடுங்கோ. ஆர் பெரிசெண்டு பேந்து பாருங்கோ."

அலுப்பில் சொன்ன வார்த்தை. ஆனால் முருகேசுவின் முகத்தில் அது விழுந்த விதத்தைப் பார்த்த இராசேஸ்வரி, பெண்கள் பக்கத்திலிருந்து, "ஐயோ, இந்த மனிசனுக்கு ஏதோ பிடிபட்டிட்டுது" என்று பக்கத்திலிருந்தவளிடம் முணுமுணுத்தார்.

முருகேசு இரண்டு கண்ணையும் துடைத்துக்கொண்டார். நித்திரை இல்லாத கண்கள், சிவப்புக்குப் பஞ்சமில்லை.

"சபையோரே! ஐயா சொன்னது என்ரை நெஞ்சில குத்திப்போட்டுது. பிழை நடந்தது உண்மை. அந்தப் பிழை இண்டைக்குக் காலமை நடக்கேல்லை. நாங்கள் வரிசை போட்ட அண்டைக்கே நடந்திட்டுது. எந்தக் கருமம் தொடங்கினாலும் முதல் ஆரை நினைக்கிறம்? கிணறு வெட்டினால் ஆருக்கு முதல் தேங்காய்? வள்ளம் இறக்கினால் ஆருக்கு? இந்தக் கோயில் ஆரின்ரை? சேர்வர் ஆரின்ரை? அவரிட்டை வாற செய்தியை அவருக்கு முன்னம் நான் வாங்கினன். தலைவர் எண்ட திமிர்! அதுதான், தன்ரை தொப்பையிலையே கைவைச்சு அவர் ஒரு பகிடி விட்டுக் காட்டினவர். எனக்கு விளங்கிட்டுது. இனி முதலாவது மெசேஜ் எனக்கு வேண்டாம். முதலாவது பிள்ளையாருக்கு!"

கடைசி வாங்கிலிருந்து ஒரு கிழவர் "அரோகரா!" என்றார். அதோடு மண்டபம் முழுக்க "அரோகரா!" சசிகரன் பாதி எழும்பி, பாதியிலேயே நின்றார். தலைவரை எதிர்க்கலாம். பிள்ளையாரை எதிர்த்துக் கைதூக்க இந்தத் தீவில் யாரால் ஏலும்?

தர்சனா மட்டும் கையை உயர்த்தினாள்.

"மாமா, போன் வைக்கிறது பிரச்சினையில்லை. ஆனால் பிள்ளையார் 1 போடமாட்டாரே."

"போடாட்டில் அடுத்த ஆளுக்குப் போகும் எண்டு நீர்தானே சொன்னனீர்?"

"ஓம். அடுத்தது நீங்கள்."

"நானோ?" முருகேசு நெஞ்சில் கை வைத்தார். "பிள்ளையாருக்குப் பக்கத்தில நிக்க எனக்கென்ன தகுதி இருக்கு? பிழை விட்டவன் நான். அந்த இடம் தம்பி சசிகரனுக்கு. கோயிலைப் பற்றி இவ்வளவு கவலைப்படுறவர் வேற ஆர்? பிள்ளையார், அடுத்தது சசிகரன். நான் அதுக்குப் பின்னாலை, ஒரு மூலையில."

கைதட்டல் கூரையைத் தூக்கியது. சசிகரன் திகைத்து நின்றார். எதையோ இழந்ததுபோலவும் இருந்தது; எதையோ பெற்றதுபோலவும் இருந்தது. கடவுளுக்கு அடுத்த இடம்! தலைவருக்கு முன்னாலே! அவருடைய பாட்டன்கூட அந்த இடத்தில் நின்றதில்லை. சால்வையைச் சரிசெய்துகொண்டு சபையைக் கும்பிட்டார். தலைவர் தெரிவுக்கு வந்தபோது, இவ்வளவு பணிவான மனிதனை எதிர்த்து ஒரு பெயரும் வரவில்லை. முருகேசுவின் பெயரை முன்மொழிந்தவரே சசிகரன்தான். வாங்கிய இடத்துக்கு ஏதாவது திருப்பிக் கொடுக்கவேண்டுமே. மாறியது மெசேஜ் வரிசைதான்; தலைவரில் தொடங்கும் காளாஞ்சி வரிசையைத் தொட ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

கலையும்போது தர்சனா முருகேசுவைத் தூணடியில் மறித்தாள்.

"மாமா, பகிடியை விடுவம். ஆரும் உள்ளை வந்தால் எனக்கு உடன தெரியோணும். அந்தப் பெரிய எச்சரிக்கையில மட்டும் எனக்கொரு பிரதி போடுறன். வரிசையில இல்லை, பக்கத்தாலை."

முருகேசு யோசித்தார். "பிரதிக்குக் காளாஞ்சி உண்டோ?"

"இல்லை."

"அப்ப தாராளமாப் போடும்."

"சின்னதுகளை நிப்பாட்டட்டோ?"

"ஏன் பிள்ளை நிப்பாட்டுவான்?" என்றார் முருகேசு, மண்டபத்து மறுபக்கத்தில் வாழ்த்தும் கைலாகும் வாங்கிக்கொண்டிருந்த சசிகரனைப் பார்த்தபடி. "சின்னது பெரிசு எல்லாம் போகட்டும். ஆசையா வாங்கின இடம்."

பிள்ளையாருக்கு ஒரு போன் வந்தது. சிம் எடுக்க அடையாள அட்டை கேட்டார்கள். பிள்ளையாரிடம் இல்லாதபடியால் தியாகேசக் குருக்கள் தன்னுடையதைக் கொடுத்தார். போனை வசந்தமண்டபத்தில் ஒரு செவ்வரத்தம்பூவோடு வைத்தார்கள். மந்திரத்துக்கு நடுவில் வியட்நாம் கத்தியதால் குருக்கள் மறுநாளே அதன் சத்தத்தை நிறுத்திவிட்டார். பிள்ளையார் ஒன்றுக்கும் 1 போடவில்லை.

தேருக்கு முதல்நாள் காலை முருகேசு இறங்குதுறைத் தேத்தண்ணிக் கடைக்குப் போனார். நன்றாக நித்திரை கொண்ட முகம். சசிகரன் அங்கே இருந்தார். கண் இரண்டும் சிவந்து, தாடி ஒரு பக்கம் வளர்ந்து, தேத்தண்ணி ஆறி ஆடை படர்ந்திருந்தது. ஆனாலும் கழுத்து நிமிர்ந்துதான் இருந்தது. போன் கீச்சிட்டது.

"பெரு," என்று கடைக்குக் கேட்க வாசித்தார். பிறகு முருகேசு பக்கம் சாய்ந்து, "அண்ணை, விடிய விடிய வந்தது. பிள்ளையாருக்கு வந்த கையோட நேரே எனக்கு. நடுவில ஒருத்தரும் இல்லை" என்றார்.

"பாருமன், அவருக்கு எவ்வளவு கிட்ட நிக்கிறீர்," என்றார் முருகேசு. "எனக்கு இன்னும் ஒண்டும் வரேல்லை. நான் எங்கையோ பின்னாலை." கடைக்காரரைப் பார்த்தார். "தம்பி, இன்னொரு வடை போடும். செயலாளருக்குத் தேத்தண்ணியைச் சூடாக்கிக் குடும், அவருக்கு நிறைய வேலை கிடக்கு."